57 வருஷம் பூட்டிவைத்த காதல் கதை... இ.எம்.ஃபார்ஸ்டரின் இன்னொரு பக்கம் தெரியுமா?

ஒரு நல்ல நாவலைப் படிச்சு முடிச்ச உடனே நீங்க என்ன பண்ணுவீங்க? அட்டையை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவீங்க. ஃப்ரெண்டுக்கு லிங்க் அனுப்புவீங்க. கண்டிப்பா படின்னு நாலு பேரை நச்சரிப்பீங்க. இல்லையா?

இப்போ கொஞ்சம் வேற மாதிரி கற்பனை பண்ணிப்பாருங்க. நீங்களே ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கீங்க. ரெண்டு ஆண்களுக்கு இடையே மலரும் காதல்தான் கதை. அச்சடிச்சா வழக்கு வரலாம். வேலை, மரியாதை எல்லாம் போகலாம். எல்லாத்துக்கும் மேல, கூடவே இருக்கிற அம்மாவுக்குத் தெரிஞ்சுபோகலாம். அதனால டைப் அடித்த பிரதியைப் பத்திரமா ஒளிச்சு வைக்கிறீங்க. ரொம்ப நம்பிக்கையான ஒருத்தர் வந்தா மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு, என்ன சொல்லப்போறாரோன்னு காத்திருக்கீங்க. இப்படி ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லைங்க... 57 வருஷம்!

இதை நிஜமாகவே செய்தவர், ஆங்கில எழுத்தாளர் இ.எம்.ஃபார்ஸ்டர். 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதியவர். காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். ஆனால், வகுப்பறையில் அவருடைய வாழ்க்கையில் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பால்புதுமையர், அதாவது குயர் மனிதர்களைப் பற்றிய நல்ல இலக்கியம் எங்கே இருக்கு, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்னு தேடுறவங்களா நீங்க? அப்போ அந்த மீதிப் பாதி உங்களுக்குத்தான். தனக்கான புத்தகத்தைத் தேடியவர், கிடைக்காதபோது தானே எழுதியவர், மற்றவர்கள் எழுதியதைச் சரியான கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இந்த மனிதர்.

பெயரே மாறிப்போன குழந்தை

1879 ஜனவரி 1 அன்று லண்டனில் பிறந்தார். பிறப்புப் பதிவில் எழுதியது ஹென்றி மார்கன் ஃபார்ஸ்டர். ஞானஸ்நானத்தின்போது நடந்த குழப்பத்தில் அப்பாவின் பெயரான எட்வர்டே இவருக்கும் விழுந்துவிட்டது. வீட்டிலும் நண்பர்கள் நடுவிலும் கடைசிவரை அவர் மார்கன்தான்.

அப்பா ஒரு கட்டடக் கலைஞர். மகனுக்கு ரெண்டு வயது ஆவதற்குள் காசநோயில் இறந்துபோனார். அம்மா லில்லிக்கு இனி எல்லாமே இந்த ஒரே பிள்ளை. மகனுக்கும் அப்படித்தான். 1945-ல் அம்மா இறக்கும்வரை, அதாவது தன் 66 வயதுவரை, அம்மாவோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். அவருடைய வாழ்க்கையின் பல முடிவுகளுக்கு இதுதான் காரணம். இதை மட்டும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

அவருக்கு 8 வயதானபோது, அப்பா வழிப் பெரிய அத்தை மரியான் தோர்ன்டன் 8,000 பவுண்டை உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. படிப்புக்கும், பிறகு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கும் அந்தப் பணம் கைகொடுத்தது.

சின்ன வயதில் வாழ்ந்த இடம் ஹெர்ட்ஃபர்ட்ஷையரில் ரூக்ஸ்நெஸ்ட் என்ற கிராமத்து வீடு. அந்த வீட்டைத்தான் பின்னால் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில் வாழவைத்தார். டன்பிரிட்ஜ் பள்ளி வாழ்க்கையோ நரகம். மென்மையான பையன், விளையாட்டு வராது, விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்துபோகிறவன். கிண்டலுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

16 வயதில் பார்த்த ஒரு தீர்ப்பு

1895-ல் இங்கிலாந்தையே உலுக்கிய ஒரு வழக்கு நடந்தது. நாடக மேதை ஆஸ்கர் வைல்டு, ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்று குற்றம்சாட்டப்பட்டு, ரெண்டு வருஷக் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1885-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம், ஆண்களுக்கு இடையிலான எந்த நெருக்கத்தையும் குற்றமாக்கியிருந்தது. ஊரே கொண்டாடிய எழுத்தாளர் ஒரே மாதத்தில் பெயர் சொல்லக்கூடாத ஆளாகிவிட்டார்.

அப்போது ஃபார்ஸ்டருக்கு வயது 16. அந்த வயதில் தன்னைப் பற்றி மெள்ள மெள்ளப் புரிய ஆரம்பித்திருக்கும் ஒரு பையன், அந்தச் செய்தியிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொண்டிருப்பான்? நீங்களே யோசிச்சுக்கோங்க. வாயைத் திறக்காதே. வேறென்ன?

1897-ல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்குப் போனதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. அங்கே எதைப் பற்றியும் பேசலாம், வாதாடலாம். ஹியூ மெரிடித் என்ற நண்பர்மேல் அங்கே காதலும் வந்தது. அது முழுமையான உறவாக மாறவில்லை. மெரிடித் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். 'எ ரூம் வித் எ வியூ' நாவலை ஃபார்ஸ்டர் அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

பிறகு மளமளவென்று நாவல்கள். 1905, 1907, 1908, 1910... ஐந்து வருஷத்தில் நான்கு! 'ஹோவர்ட்ஸ் எண்ட்' வந்தபோது வயது 31. ஊரே கொண்டாடியது. ஆனால், அவருக்குள் ஒரு சலிப்பு. ஆண் பெண்ணைக் காதலிப்பது, பெண் ஆணைக் காதலிப்பது... எழுத அனுமதிக்கப்பட்டது இது ஒன்றுதான். தனக்குத் தெரிந்த காதலை எழுத வழியே இல்லை என்று தன் டைரியில் புலம்பியிருக்கிறார்.

லத்தீன் டியூஷனும் ஒரு இந்திய மாணவரும்

1906-ல் ஃபார்ஸ்டருக்கு ஒரு டியூஷன் வேலை வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு போகவிருந்த 17 வயது இந்திய இளைஞர் சையத் ராஸ் மசூதுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க வேண்டும். அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கானின் பேரன் இவர். உயரம், கம்பீரம், மனசில் பட்டதை உடனே கொட்டும் சுபாவம். ஆங்கிலேயர்களின் அடக்கி வாசிக்கும் பழக்கத்துக்கு நேரெதிர்.

லத்தீன் எவ்வளவு ஏறியதோ தெரியாது. நட்பு நன்றாக ஏறியது. சில வருஷங்களில் அது ஃபார்ஸ்டருக்குக் காதலாகிவிட்டது. தயங்கித் தயங்கி ஒரு நாள் சொல்லியும்விட்டார். மசூதால் அந்தக் காதலைத் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் அவர் விலகிப் போகவில்லை, அசிங்கப்படுத்தவில்லை, வெளியே சொல்லவில்லை. 1937-ல் மசூத் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. ஒருதலைக் காதலைச் சொன்ன பிறகும் நட்பைக் காப்பாற்றுவது இன்றைக்கே எவ்வளவு கஷ்டம்! அன்றைக்கு அந்த ரெண்டு பேருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க.

மசூதைப் பார்க்கத்தான் 1912-ல் ஃபார்ஸ்டர் முதல்முறை இந்தியா வந்தார். பாட்னாவுக்குப் பக்கத்திலுள்ள பராபர் குகைகளைப் பார்த்தார். அவைதான் நாவலில் மராபார் குகைகள் ஆயின. 1924-ல் வெளியான 'எ பாசேஜ் டு இந்தியா' மசூதுக்குச் சமர்ப்பணம். டாக்டர் அஜீஸுக்கும் ஆங்கிலேயர் ஃபீல்டிங்குக்கும் இடையிலான அந்த நட்பை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படிச்சுப் பாருங்க. அந்தக் கடைசிக் காட்சி வேற மாதிரி கனக்கும்.

முதுகில் பட்ட ஒரு கை

இப்போ 1913-க்கு வருவோம். ஷெஃபீல்டு நகரத்துக்குப் பக்கத்தில் மில்தோர்ப் என்ற சின்ன ஊர். அங்கே எட்வர்ட் கார்பென்டர் என்ற எழுத்தாளர், சேரியில் வளர்ந்த ஜார்ஜ் மெரில் என்ற தொழிலாளியோடு ஒரே வீட்டில் வெளிப்படையாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வைல்டு சிறைக்குப் போன அதே நாட்டில்! காய்கறித் தோட்டம், கையால் தைத்த செருப்பு, புத்தகங்கள் என்று எளிமையான வாழ்க்கை.

இந்தக் கார்பென்டருக்கு நம்ம பக்கத்திலும் ஒரு தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் அவருக்கு நெருங்கிய நண்பரானவர் இலங்கைத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலம். பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஆனவர். பகவத் கீதையை கார்பென்டருக்குக் கொடுத்ததும் அவர்தான். 1890-ல் கார்பென்டர் இலங்கைக்கு வந்து, அருணாசலம் அறிமுகப்படுத்திய ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டு, அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஆக, புத்தகம் கைமாறுவது அங்கேயும் ஒரு வாழ்க்கையை மாற்றியிருக்கிறது.

சரி, மில்தோர்ப்புக்கு வருவோம். கார்பென்டரைப் பார்க்கப் போன ஃபார்ஸ்டரின் முதுகுக்குக் கீழே மெரில் சாதாரணமாக, நட்போடு தொட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு தொடுகையில் ஒரு முழு நாவலும் தனக்குள் வந்து இறங்கிவிட்டதாக ஃபார்ஸ்டர் பின்னால் எழுதிவைத்திருக்கிறார். ரெண்டு ஆண்கள் பயமில்லாமல் ஒரே வீட்டில் சந்தோஷமாக வாழ முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்திருந்தார். நேராகப் போய் எழுத உட்கார்ந்துவிட்டார். 1914-ல் நாவல் தயார். பெயர், 'மாரிஸ்'.

சோகமா முடிச்சிருந்தா பிரச்னையே இல்லை!

கதை ரொம்ப எளிமையானது. மாரிஸ் ஹால், லண்டனில் பங்குத் தரகர் வேலை பார்க்கும் சாதாரண இளைஞன். பெரிய அறிவாளியோ கலைஞனோ இல்லை. கேம்பிரிட்ஜில் கிளைவ் என்ற பணக்கார நண்பன்மேல் காதல். கிளைவும் காதலிக்கிறான், ஆனால், மனசளவில் மட்டும் போதும் என்கிறான். சில வருஷம் கழித்து ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கிவிடுகிறான். உடைந்துபோன மாரிஸ் டாக்டரிடம் போகிறான். ஹிப்னாடிசம் செய்தாவது தன்னை மாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். எதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் கிளைவின் பண்ணையில் காவல்வேலை பார்க்கும் அலெக் ஸ்கடர் வருகிறான். அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏற டிக்கெட்டோடு இருப்பவன். ஏறினானா?

ஏறவில்லை! அதுதான் இந்த நாவலின் புரட்சியே. ரெண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். யாரும் தூக்கில் தொங்கவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை, யாரும் திருந்தவில்லை.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கதையில் கடைசியில் ஒருத்தர் செத்தாக வேண்டும். பாவத்துக்குச் சம்பளம் கிடைத்துவிட்டது என்று வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். சோகமாக முடித்திருந்தால் இந்த நாவலை வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று ஃபார்ஸ்டருக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கதையிலாவது ரெண்டு ஆண்கள் காதலித்து, காதலித்தபடியே இருந்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நாவலை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? ஒரு மனிதருக்கு இல்லை. இனிமேல் வரப்போகிற, இதைவிட சந்தோஷமான ஓர் ஆண்டுக்கு.

சினிமாவிலோ கதையிலோ வரும் குயர் கேரக்டர் க்ளைமாக்ஸில் இறந்துபோவதைப் பார்த்துச் சலிச்சுப் போனவங்களா நீங்க? இவர் அந்தச் சலிப்பை 1914-லேயே உணர்ந்துட்டார்.

கைமாறிய பிரதி

இனிமேல்தான் சுவாரஸ்யம். வெளியிட முடியாத புத்தகத்தை எப்படி வாசகரிடம் சேர்ப்பது? ஆள் பார்த்து, நேரம் பார்த்து, ஒவ்வொருவராகக் கொடுத்தார். கார்பென்டர் படித்தார். ஃப்ளாரன்ஸ் பார்ஜர் என்ற தோழி படித்தார். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி 1915-ல் படித்துவிட்டு, மாரிஸ் அலெக் உறவு ஆறு வாரம்கூடத் தாங்காது என்று கிண்டலடித்தார். ஃபார்ஸ்டர் கோபப்படவில்லை. விமர்சனங்களைக் கேட்டு 1930-களிலும் 1959-60-லும் திருத்தி எழுதினார். சந்தோஷமான முடிவை மட்டும் கைவிடவேயில்லை.

1930-களில் கிறிஸ்டோபர் இஷர்வுட் என்ற இளம் எழுத்தாளர் அந்தப் பிரதியைப் படித்தார். ஃபார்ஸ்டரைவிட 25 வயது சின்னவர். தலைமுறை மாறிவிட்டதே, இந்தப் பையனுக்கு இது பழசாகத் தெரியுமோ என்று ஃபார்ஸ்டருக்கு உதறல். இஷர்வுட்டோ நெகிழ்ந்துபோனார். முன்னோடி ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மரியாதை அவருக்கு. இந்த நாவலை அமெரிக்காவில் வெளியிடும் பொறுப்பைப் பின்னாளில் ஃபார்ஸ்டர் நம்பி ஒப்படைத்தது இவரிடம்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? இத்தனை பேர் படித்தும் பல பத்தாண்டுகள் விஷயம் வெளியே கசியவில்லை. ஒவ்வொரு வாசகரும் ஒரு காவல்காரராகவும் இருந்தார்கள்.

அலெக்சாண்ட்ரியாவில் ஒரு டிராம்

'மாரிஸ்' எழுதியபோது ஃபார்ஸ்டருக்கு நிஜ வாழ்க்கையில் காதல் அனுபவம் கிடையாது. ஆசையைத்தான் எழுதியிருந்தார். முதல் உலகப் போர் வந்தபோது 1915-ல் செஞ்சிலுவைச் சங்க வேலையாக எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போனார். ஆஸ்பத்திரிகளில் காயமடைந்த சிப்பாய்களிடம் பேசி, காணாமல்போனவர்களைப் பற்றித் தகவல் திரட்டும் வேலை.

தினமும் டிராமில் போவார். அதில் முகமது எல் அத்ல் என்ற இளம் கண்டக்டர். ஒரு நாள் அவர் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது. ஒருவர் ஆளும் நாட்டின் பிரபல எழுத்தாளர். இன்னொருவர் ஆளப்படும் நாட்டின் ஏழைத் தொழிலாளி. சேர்ந்து நடக்கக்கூட ஆயிரம் முன்ஜாக்கிரதை. ஆனாலும் அது காதலாக மலர்ந்தது. 40 வயதை நெருங்கும்போதுதான் அவருக்கு அந்த சந்தோஷம் கிடைத்தது.

அது நிலைக்கவில்லை. போர் முடிந்து ஃபார்ஸ்டர் ஊர் திரும்பினார். முகமது கல்யாணம் செய்துகொண்டார். மகனுக்கு மார்கன் என்று பெயர் வைத்தார். சில மாதங்கள் சிறையில் இருந்தார். பிறகு காசநோய். 1922-ல் இறந்துவிட்டார். அவருடைய மோதிரம் ஃபார்ஸ்டருக்கு வந்து சேர்ந்தது. இறந்த முகமதுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்த ஃபார்ஸ்டர், ஒரு நோட்டில் ஏழு வருஷம் விட்டு விட்டு அதை எழுதிக்கொண்டே இருந்தார். போய்ச் சேர முகவரி இல்லாத கடிதம் அது.

அதே அலெக்சாண்ட்ரியாவில் இன்னொரு சந்திப்பும் நடந்தது. பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கவாஃபி என்ற கிரேக்கக் கவிஞர். தன் கவிதைகளைத் தனித்தனித் தாள்களில் அச்சடித்து, பிடித்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார். ஆண்கள்மீதான காதலும் ஏக்கமும் அந்தக் கவிதைகளில் ஒளிவுமறைவில்லாமல் இருந்தன. ஃபார்ஸ்டர் அசந்துபோனார். 1919-ல் லண்டன் பத்திரிகையில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மொழிபெயர்ப்பாளரை விரட்டினார், டி.எஸ்.எலியட் உள்பட பத்திரிகைக்காரர்களிடம் கவிதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கு கவாஃபியை உலகமே கொண்டாடுகிறது. ஆங்கில வாசகர்களுக்கு அவரை முதலில் கைகாட்டியது ஃபார்ஸ்டர்தான்.

தன் புத்தகத்தை வெளியிட முடியாதவர், இன்னொருவருடைய கவிதைகளுக்காக இத்தனை அலைந்தார். பெரிய மனசுதான், இல்லையா?

மகாராஜாவின் செயலாளர்

1921-ல் ரெண்டாவது முறையாக இந்தியா வந்தார். இப்போது மத்திய இந்தியாவில் தேவாஸ் என்ற சின்ன சமஸ்தானத்தின் மகாராஜாவுக்கு தனிச் செயலாளர் வேலை. அங்கே அரண்மனை ஊழியர் ஒருவரோடு ஏற்பட்ட நெருக்கம் மகாராஜாவின் காதுவரை போய்விட்டது. மகாராஜா தண்டிக்கவில்லை, கனிவோடு நடந்துகொண்டார். 'தி ஹில் ஆஃப் தேவி' என்ற நினைவுக் குறிப்பில் அவரைப் பற்றி ஃபார்ஸ்டர் அன்போடு எழுதியிருக்கிறார். ஆனால், 1953-ல் வந்த அந்தப் புத்தகத்தில் இந்த விஷயத்தை மட்டும் சேர்க்கவில்லை. அந்த மகாராஜா பிற்காலத்தில் கடனிலும் அரசியல் சிக்கலிலும் மாட்டி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாண்டிச்சேரிக்குத் தப்பி வந்து 1937-ல் அங்கேயே இறந்துபோனார்.

1924-க்குப் பிறகு ஃபார்ஸ்டர் புதிதாக நாவல் எதையும் எழுதவில்லை. அடுத்த 46 வருஷமும் பெரும்பாலும் கட்டுரைகள், வானொலிப் பேச்சுகள், சில சிறுகதைகள்தான். உலகம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் அவருடைய வீட்டில் பூட்டிக் கிடந்தது.

கோர்ட் வாசலில் நின்றவர்

1928-ல் ராட்க்ளிஃப் ஹால் என்ற பெண் எழுத்தாளர் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலை வெளியிட்டார். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் கதை. ஆபாசமான ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும், ஒரு பத்திரிகை ஆசிரியர் கூச்சல் போட, வழக்கு கோர்ட்டுக்குப் போனது.

ஃபார்ஸ்டரும் வர்ஜீனியா வுல்ஃபும் சேர்ந்து தடைக்கு எதிராகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். எழுத்தாளர்கள் பலர் சாட்சி சொல்லத் தயாராக வந்தார்கள். நீதிபதி யாருடைய சாட்சியத்தையும் கேட்கவில்லை. புத்தகப் பிரதிகளை அழிக்க உத்தரவு போட்டார். தன் அலமாரியில் அதே மாதிரி ஒரு நாவலை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பை ஃபார்ஸ்டர் கேட்டபோது மனசு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1934-ல் சிவில் உரிமைகளுக்கான தேசியக் கவுன்சில் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். இந்திய எழுத்தாளர்களுக்கும் துணைநின்றார். முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' 1935-ல் வெளியாக அவருடைய முன்னுரை பெரிய பலமாக இருந்தது. ரெண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி வானொலியில் இந்திய நேயர்களுக்காகப் புத்தகங்களைப் பற்றி மாதாமாதம் பேசினார். இன்றைய புத்தக பாட்காஸ்ட்டுக்கெல்லாம் முன்னோடி!

போலீஸ்காரர் வந்தார்!

சட்டம் யாரை விட்டு அவரைப் பிடிக்கச் சொல்லியதோ, அந்தப் போலீஸில் இருந்தே ஒருவர் அவருடைய வாழ்க்கைத் துணையானது விதியின் விளையாட்டு. 1930-ல் பாப் பக்கிங்ஹாம் என்ற இளம் கான்ஸ்டபிளைச் சந்தித்தார். ரெண்டு வருஷத்தில் பாப், மே என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆரம்பத்தில் ஃபார்ஸ்டருக்கும் மேவுக்கும் உரசல்தான். போகப் போக மூன்று பேரும் ஒரே குடும்பம்போல ஆகிவிட்டார்கள். இந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பது? அவர்கள் வைக்கவில்லை. 40 வருஷம் வாழ்ந்து காட்டினார்கள்.

அம்மா இறந்த பிறகு, கிங்ஸ் கல்லூரியே அவருக்கு வீடு கொடுத்தது. அதே கல்லூரியில் படித்து ஆய்வாளராக இருந்த கணினி மேதை ஆலன் டூரிங், ஆண் ஒருவரோடு உறவு வைத்திருந்ததற்காக 1952-ல் தண்டிக்கப்பட்டு, 1954-ல் இறந்துபோனார். அதாவது, வயதான ஃபார்ஸ்டரின் பயம் ஒன்றும் கற்பனை இல்லை.

1957-ல் ஒரு அரசுக் குழு சட்டத்தை மாற்றச் சொன்னது. பத்து வருஷம் கழித்து, 1967-ல் இங்கிலாந்து, வேல்ஸில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்றானது. அப்போது ஃபார்ஸ்டருக்கு வயது 88. நாவலின் பிரதிமேல், இதை வெளியிடலாம், ஆனால் வெளியிடும் அளவுக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு சந்தேகக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். உயிரோடு இருக்கும்போது வெளியிடவில்லை.

1970 ஜூன் 7 அன்று, கோவென்ட்ரியில் பாப், மே தம்பதியின் வீட்டில், 91 வயதில் இறந்தார். அடுத்த வருஷம், 1971-ல் 'மாரிஸ்' வெளியானது. விமர்சகர்கள் பலர் அவருடைய மற்ற நாவல்கள் அளவுக்கு இல்லை என்றார்கள். வாசகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னிடம் வந்த அமெரிக்க வருமானத்தை இஷர்வுட் தனக்கு வைத்துக்கொள்ளாமல், இளம் எழுத்தாளர்களுக்கான இ.எம்.ஃபார்ஸ்டர் விருதுக்குக் கொடுத்துவிட்டார். 1987-ல் இஸ்மாயில் மெர்ச்சன்ட், ஜேம்ஸ் ஐவரி கூட்டணி அதைப் படமாக எடுத்தது. மும்பையில் பிறந்த மெர்ச்சன்ட்டும் ஐவரியும் நிஜ வாழ்க்கையிலும் துணைவர்கள். இதே ஐவரிதான் 'கால் மீ பை யுவர் நேம்' படத்தின் திரைக்கதைக்காக 2018-ல் ஆஸ்கர் வாங்கியவர். நூல் எங்கே தொடங்கி எங்கே போகுது பாருங்க!

இங்கிலாந்து 1967-ல் கைவிட்டதை, அவர்கள் 1860-ல் நமக்கு எழுதிக்கொடுத்த 377-வது பிரிவு இன்னும் அரை நூற்றாண்டு சுமந்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் நம் உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவை அதிலிருந்து விடுவித்தது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஃபார்ஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டே போகும் ஒரு சின்னப் பட்டியல் இதோ.

* மாரிஸ்: எளிமையான ஆங்கிலம். சந்தோஷமான முடிவு வேணும்னு ஏங்குறவங்க இங்கிருந்து ஆரம்பிங்க.

* எ பாசேஜ் டு இந்தியா: பரீட்சைக்குப் படிச்சிருந்தா, இப்போ அஜீஸ், ஃபீல்டிங்குக்காக மறுபடி படிங்க.

* கவாஃபி கவிதைகள்: பெரும்பாலும் சின்னச் சின்னக் கவிதைகள். பஸ் வர்றதுக்குள்ள ரெண்டு படிச்சிடலாம்.

* ஒர்லாண்டோ: வர்ஜீனியா வுல்ஃப் 1928-ல் எழுதியது. நூற்றாண்டுகளைத் தாண்டி வாழும் ஹீரோ, பாதிக் கதையில் பெண்ணாக மாறிவிடுவார். 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' வழக்கு நடந்த அதே நேரத்தில் இது மட்டும் தடையில்லாமல் வெளிவந்தது.

* எ சிங்கிள் மேன்: இஷர்வுட்டின் 1964 நாவல். துணையை இழந்த ஒரு பேராசிரியரின் ஒரே ஒரு நாள். சின்னப் புத்தகம், பெரிய வலி.

* ஆர்க்டிக் சம்மர்: தென்னாப்பிரிக்க எழுத்தாளர் டேமன் கால்கட், ஃபார்ஸ்டர், மசூத், முகமது மூவரையும் வைத்து 2014-ல் எழுதிய நாவல். இந்தக் கட்டுரை பிடிச்சிருந்தா, இது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொடுக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு

கடைசியா ஒண்ணு. ஃபார்ஸ்டரிடம் கத்துக்க வேண்டியது புத்தகப் பட்டியலைவிட, அதைக் கொடுத்த விதம்தான்.

யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசித்தார். கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். படித்தவர்களும் அவருடைய ரகசியத்தை ஊருக்குச் சொல்லவில்லை. உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் இப்படி ஒரு புத்தகம் கேட்டா, எதுக்குக் கேக்குறேன்னு விசாரணை வேண்டாம். குரூப்பில் எல்லோர் முன்னாடியும் டேக் பண்ண வேண்டாம். அவங்க தங்களுக்காகக் கேக்கலாம், தம்பிக்காகக் கேக்கலாம், சும்மா நல்ல கதை வேணும்னும் கேக்கலாம். தனியா ஒரு மெசேஜ் போதும். அட்டை வெளியே தெரியக்கூடாத வீடாக இருந்தால் மின்நூலாக அனுப்பலாம். படிச்சு முடிச்சதும் அவங்களா பேசினா கேளுங்க. பேசலைன்னாலும் பரவாயில்லை. புத்தகம் அதன் வேலையைச் செஞ்சிருக்கும்.

நீங்களே தேடுறவரா இருந்தா, இதையும் தெரிஞ்சுக்கோங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி, சிறைக்குப் பயந்து, அம்மாவுக்குப் பயந்து, ஒருத்தர் ஒரு நாவலை எழுதி அதில் யாரையும் சாகவிடாமல் காப்பாத்தி வெச்சிருக்கார். சந்தோஷமான ஓர் ஆண்டு வரும், அப்போ யாராவது படிப்பாங்கன்னு நம்பித்தான் எழுதினார்.

அந்த யாராவது, நீங்களாகவும் இருக்கலாம்.